வீடு நிறைய ஆட்கள், ஆனாலும் தனிமை: முதுமையில் தனிமையுணர்வு பற்றி ஒரு எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். எண்பத்து நாலு வயது ஆச்சி. பிள்ளைகள் ஐந்து பேரும் வெளிநாடு, கணவர் போய்ப் பதினெட்டு வருடம், அந்தப் பெரிய வீட்டில் ஒரு நாயும் நாலு கோழியும் அவவும்தான். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: "தனிமைதான் மனிசியைக் கொண்டுபோனது." எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அந்த ஆச்சி அளவுக்குக் கதைக்க ஆள் வைத்திருந்த ஒருவரை அந்த ஒழுங்கையில் நான் கண்டதில்லை. காலையில் பால்காரர், பத்து மணிக்கு மீன்காரர், பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதை, வெள்ளிக்கிழமை கோயில். அதே பந்தலில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு அம்மா இருந்தார். மகன், மருமகள், மூன்று பேரப்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பவர். அவர் மெல்லச் சொன்னார்: "எனக்கெண்டா வீட்டில ஒருத்தரும் இல்லாத மாதிரித்தான் தம்பி." அதை யாரும் காதில் வாங்கவில்லை.

தனியாக இருந்தவருக்குத் தனிமை இல்லை, ஆட்களோடு இருந்தவருக்கு இருந்தது. இது எப்படி என்று இந்த இரண்டு பேரையும் வைத்தே விளங்கப்படுத்தப் பார்க்கிறேன்.

ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயம்

தமிழில் எங்களுக்கு ஒரு சிக்கல், "தனிமை" என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். மத்தியானம் யாரும் இல்லாத கோயில் மண்டபத்தில் தூணோடு சாய்ந்திருக்கும் ஒருவருடைய தனிமையும், இரவு ரீவியை நிப்பாட்டிய பிறகு வீட்டுக்குள் வந்து நிற்கிறதே அந்தத் தனிமையும் ஒன்றல்ல. முதலாவது ஏகாந்தம். அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் இன்னும் மூன்று விஷயம் குழம்பிக் கிடக்கிறது.

முதலாவது, தனியாக வாழ்வது. வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு மட்டும்தான் இது, கிராம சேவகரின் பதிவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டாவது, தொடர்பின்மை: ஒரு கிழமையில் எத்தனை பேரைக் காண்கிறார், எத்தனை பேரோடு கதைக்கிறார், அவசரம் என்றால் ஓடிவர எத்தனை பேர். இதையும் வெளியில் நின்றே எண்ணலாம். மூன்றாவதுதான் தனிமையுணர்வு. 1981இல் டானியல் பேர்ல்மன், ஆன் பெப்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் சொன்ன வரையறையைத்தான் இன்றைக்கும் பலர் எடுத்தாள்கிறார்கள்: ஒருவர் விரும்புகிற உறவுக்கும் அவருக்கு உண்மையில் கிடைக்கிற உறவுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியால் வரும் நோவு. எத்தனை பேர் என்பதைவிட அந்த இடைவெளி எவ்வளவு என்பதுதான் இதில் முக்கியம், அது அவரவருக்குத்தான் தெரியும்.

புங்குடுதீவு, நெடுந்தீவுப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதை இலகுவாகச் சொல்லலாம். கிணறு இருக்கும், எட்டிப் பார்த்தால் தண்ணீரும் தளதளவென்று இருக்கும், வாயில் வைத்தால் உவர். குடிதண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு கிணறு தேடித்தான் போகவேண்டும். தூரத்தில் நின்று பார்க்கிறவன் "இந்த வீட்டில கிணறு இருக்குத்தானே" என்று சொல்லிவிட்டுப் போவான். ஆறு பேர் உள்ள வீட்டில் இருந்துகொண்டு ஒருவருமில்லை என்ற அந்த அம்மாவின் கிணறு உவர்க்கிணறு. செத்துப்போன ஆச்சியின் கிணறு சின்னது, ஆனால் நல்ல தண்ணீர், அவவின் தேவைக்குப் போதும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தனியாக வாழ்வதும் தொடர்பின்மையும் எண்ணிப் பார்க்கக் கூடியவை, தனிமையுணர்வு எண்ணிக்கை அல்ல. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம், ஒன்று மட்டும் தனித்தும் இருக்கலாம்.

சோறு தாகத்தைத் தீர்க்காது

சரி, அந்த அம்மாவுக்கு என்ன குறைகிறது? இதற்கு 1973இல் றொபேட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு நல்ல பிரிப்பைத் தந்தார். தனிமையுணர்வில் இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று, மனதில் உள்ளதை எல்லாம் சொல்லக்கூடிய மிக நெருங்கிய ஒருவர் இல்லாத தனிமை. மற்றது, நானும் ஒரு ஆள் என்று சேர்ந்து நிற்க ஒரு கூட்டம் இல்லாத தனிமை. புத்தகத் தமிழில் உணர்வுசார் தனிமை, சமூகத் தனிமை என்பார்கள், நான் நெருக்கத் தனிமை, கூட்டத் தனிமை என்று சொல்லிக்கொள்கிறேன். வைஸ் சொன்னதில் முக்கியமானது எதுவென்றால், ஒன்று இல்லாத குறையை மற்றது நிரப்பாது. தாகத்தில் இருக்கிறவருக்கு இன்னும் ஒரு கோப்பை சோறு போட்டுப் பிரயோசனம் இல்லை.

கணவரை இழந்த ஒருவருக்கு வீடு நிறைய உறவினர் வந்து போனாலும் இரவு பத்து மணிக்கு வருகிற அந்த வெறுமை குறையாததற்குக் காரணம் இதுதான், அது நெருக்கத் தனிமை. மறுபக்கம் பாருங்கள். ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஒவ்வொரு நாளும் தவறாமல் எடுக்கிறாள், அம்மாவுக்கு அவள் உயிர், எல்லாம் கதைக்கிறார்கள். ஆனாலும் அம்மா சொல்கிறார், "ஊரில ஒருத்தரையும் தெரியாத மாதிரிக் கிடக்கு." அது கூட்டத் தனிமை. மகள் இன்னும் ஒரு மணித்தியாலம் கூடக் கதைத்தாலும் அது தீராது, மகளில் பிழையும் இல்லை. இதை விளங்கிக்கொள்ளாமல் எத்தனை பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

கூட்டத் தனிமையில் எங்கள் ஊருக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. போரால் 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து சனம் வெளிக்கிட்டது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒரே இரவில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. ஒரே குறிச்சியில் ஐம்பது வருடம் பழகியவர்கள் கொடிகாமம், கிளிநொச்சி, வவுனியா, சென்னை, பாரிஸ் என்று சிதறிப்போனார்கள். மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடம் இருந்து 27 வருடம் கழித்து 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. காணி திரும்பி வந்தது, அயல் திரும்பி வரவில்லை. அறுபது வயதுக்குப் பிறகு புதிதாக ஒரு அயலைக் கட்டுவது லேசான வேலை இல்லை. அதற்கு மேல், முந்தி பனையோலை வேலி இருந்த இடத்தில் இப்போது ஆள் உயர மதில். வேலிக்குப் பொட்டு இருந்தது, பொட்டுக்குள்ளால் கறியும் போகும் கதையும் போகும். மதிலுக்குப் பொட்டு இல்லை. வேலியை எல்லாரும் மிஸ் பண்ணுவதாகச் சொல்கிறார்கள், கையில் காசு வந்தால் முதல் வேலையாக மதிலைத்தான் கட்டுகிறார்கள், நானும்தான்.

பசிக்கிற மாதிரி ஒரு மணி

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தனிமையுணர்வு ஒரு பலவீனம், மனசு தைரியம் இல்லாதவர்களுக்கு வருவது என்று பலர் நினைக்கிறார்கள். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இதைப் பல வருடம் ஆராய்ந்த ஜோன் கசியோப்போ அதைப் பசியோடும் தாகத்தோடும் ஒப்பிட்டார். பசி ஒரு வருத்தம் அல்ல, சாப்பாட்டைத் தேடு என்று உடம்பு அடிக்கிற மணி. மனிதர் கூட்டமாக இருந்து பிழைத்த இனம், கூட்டத்தை விட்டு விலகினவர் ஆதிகாலத்தில் உயிரோடு இருந்திருக்கமாட்டார், ஆகவே விலகும்போது நோகச் செய்து திரும்பிப் போகவைக்கிற ஒரு மணி எங்களுக்குள் இருக்கிறது. கொஞ்ச நாள் அடித்து, ஆட்களைத் தேடிப் போக, அடங்கிவிட்டால் அது நல்ல மணி. எல்லாருக்கும் அடிக்கும், இருபது வயதுப் பெடியனுக்கும் அடிக்கும். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை உலகில் ஆறு பேரில் ஒருவருக்குத் தனிமையுணர்வு இருக்கிறது என்கிறது, அதில் இளையவர்களின் பங்கு முதியவர்களின் பங்கைவிடக் கூட. முதுமை என்றாலே தனிமை என்ற பேச்சு அவ்வளவு சரியில்லை.

பிரச்சினை எங்கே தொடங்குகிறது என்றால், மணி மாதக்கணக்காக, வருடக்கணக்காக அடித்துக்கொண்டே இருக்கும்போது. பசியென்றால் எவ்வளவு நேரம் ஆனாலும் சாப்பாட்டைக் கண்டவுடன் கை நீளும். தனிமையுணர்வு நாட்பட்டால் நடப்பது தலைகீழ்: ஆட்களைக் கண்டால் மனம் பின்வாங்கத் தொடங்குகிறது. கூட்டத்தில் இருந்து விலகி நிற்கிற ஆள் தன்னைத் தானே காக்கவேண்டும், ஆகவே மூளை காவலுக்கு நிற்கிறது, எங்கே அவமானம் வரும், யார் புறக்கணிப்பார்கள் என்று தேடுகிறது. இதற்கு மிகைவிழிப்பு என்று பெயர்.

போர்க்காலத்தை இங்கே கழித்தவர்களுக்கு இதற்கு உதாரணம் வேண்டியதில்லை. இரவு படுத்திருப்போம், ஆனால் காது படுக்காது. கெலிச் சத்தமா, பொம்மரா, லொறியா என்று நித்திரைக்குள்ளும் காது பிரித்துக்கொண்டே இருக்கும், ஒரு கதவு அடித்தாலும் கால் பங்கருக்குப் போய்விடும். அது அந்த நேரத்துக்குச் சரியான விழிப்பு, உயிரைக் காத்த விழிப்பு. நாட்பட்ட தனிமையுணர்வு உள்ளவரின் மனம் மனிதர்களை வைத்து இதே வேலையைச் செய்கிறது. எதிர்வீட்டுக்காரி சைக்கிளில் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லையா, "என்னை மதிக்கேல்லை." மருமகள் அறைக்குள் மெல்லக் கதைத்தாளா, "என்னைப் பற்றித்தான்." மகன் தொலைபேசியைக் கெதியில் வைத்தானா, "நான் ஒரு சுமை." ஒருநாளும் இப்படி யோசிக்காத ஆள் இப்படி யோசிக்கத் தொடங்குகிறார், பிறகு அந்த யோசனைக்கு ஏற்றபடி நடக்கவும் தொடங்குகிறார்: குத்தலாக ஒரு சொல், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மௌனம், "நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ." வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்பார்கள், மூன்றாம் முறை கேட்கமாட்டார்கள். பாருங்கள், அவர் பயந்தது அப்படியே நடந்துவிட்டது.

இந்தச் சுழலை விளங்கிக்கொண்டால் பாதி விளங்கிவிடும். இடைவெளி நோகிறது, நோவு காவல் வைக்கிறது, காவல் ஆட்களைத் தள்ளுகிறது, இடைவெளி இன்னும் அகலமாகிறது. "அம்மாவுக்கு வர வரக் குணம் மாறிப் போச்சுது" என்று நாங்கள் சொல்கிற இடங்களில் சிலவற்றில் மாறியது குணம் அல்ல.

உடம்புக்கு எப்படி இறங்குகிறது

காவலுக்கு நிற்பவனுக்கு நித்திரை வராது. தனிமையுணர்வு உள்ளவர்கள் படுத்திருக்கும் நேரம் மற்றவர்களைப் போலவே இருந்தாலும் இடையிடையே விழிப்பது கூட என்று கசியோப்போ குழுவினர் கண்டார்கள். எழும்பினால் களைப்பு, களைப்போடு யார் வீட்டுக்குப் போவது? அவசர நேரத்துக்கென்று உடம்பு வைத்திருக்கும் கோட்டிசோல் என்ற சுரப்பு போன்றவை ஒவ்வொரு நாளும் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. சிக்காகோவில் 50 முதல் 68 வயது வரையான 229 பேரை நாலு வருடம் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், தொடக்கத்தில் தனிமையுணர்வு கூட இருந்தவர்களுக்குப் பிரஷரின் மேல் இலக்கம் கூடுதலாக ஏறியிருந்தது.

அதற்குப் பிறகு ஆய்வுகூடம் தேவையில்லாத காரணங்கள் இருக்கின்றன, அடுப்படியைப் பார்த்தால் போதும். "ஒரு ஆளுக்கு என்ன சமையல்" என்று பாணும் தேத்தண்ணியுமாக ஒரு நாள் போகும். சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாணும் சீனி போட்ட தேத்தண்ணியும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. கிளினிக் திகதி கொப்பியில் எழுதிக் கிடக்கும், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்று ஒரு மாதம் தள்ளிப்போகும். நடப்பது குறையும். யாரும் பார்க்காத காலில் புண் பெருக்கும்.

இலக்கங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். "தனிமை ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம்" என்று ஒரு வசனம் வட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். அதன் ஊற்று 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த வேலை. அவர்கள் பார்த்தது சமூக உறவுகள் மொத்தத்தையும், தனிமையுணர்வை மட்டும் அல்ல. 2015இல் அதே குழு மூன்றையும் பிரித்துப் பார்த்தது: அகால மரணத்துக்கான வாய்ப்பு தொடர்பின்மையோடு 29 சதவீதமும், தனிமையுணர்வோடு 26 சதவீதமும், தனியாக வாழ்வதோடு 32 சதவீதமும் கூட இருந்தது. இது நூறு பேரில் 26 பேர் செத்துப்போவார்கள் என்ற அர்த்தம் அல்ல. ஒரு காலத்துக்குள் சாதாரணமாக நூறில் இருபது பேர் இறக்கக்கூடிய கூட்டம் என்று வைத்தால், தனிமையுணர்வு உள்ளவர்களில் அது இருபத்து நாலு, இருபத்தைந்து என்று ஆகும். சின்ன வித்தியாசம் அல்ல, ஆனால் செத்தவீட்டுப் பந்தலில் இருந்துகொண்டு "தனிமைதான் கொண்டுபோனது" என்று ஒருவரைச் சுட்டிச் சொல்ல இந்த இலக்கங்கள் இடம் தராது. இவை கூட்டத்தைப் பற்றியவை. அதோடு, நோய் வந்ததால் தனித்துப்போனவர்களும் அந்தக் கணக்குக்குள் இருப்பார்கள்.

வாழ்க்கைத்தரம் என்றால் வசதி என்று யார் சொன்னது

அடுத்த குழப்பமும் ஒரு சொல்லில்தான். "வாழ்க்கைத்தரம்" என்று கேட்டவுடன் மாபிள் பதித்த நிலம், ஏசி, இன்வேட்டர், பிறிட்ஜ் என்று மனம் போகும். அது வாழ்க்கை வசதி. ஆய்வாளர்கள் கேட்பது வேறு, அதை நான் வாழ்வின் தரம் என்று எழுதுகிறேன். தான் வாழும் பண்பாட்டுக்குள், தன்னுடைய எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்துப் பார்த்து, தன் வாழ்க்கை எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவர் தானே உணர்வதுதான் அது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தானே உணர்வது என்ற சொல்லைக் கவனியுங்கள், லண்டனில் இருக்கும் மகன் உணர்வது அல்ல. இதை அளக்க அந்த நிறுவனம் 26 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. உடல், மனம், உறவுகள், சுற்றாடல் என்று நாலு பக்கமும் கேட்கும். முதியவர்களுக்கென்று மேலதிகமாக இன்னும் 24 கேள்விகள் உண்டு. கண் காது எப்படி, தன் முடிவைத் தானே எடுக்க முடிகிறதா, வாழ்ந்த வாழ்க்கையில் திருப்தியா, ஊர் விஷயங்களில் பங்கு இருக்கிறதா, மரணத்தைப் பற்றிய பயம், நெருக்கம்.

இதில் தன் முடிவைத் தானே எடுப்பது என்பதில் நான் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நாங்கள் அன்போடு பிழை விடுகிற இடம் இதுதான். அம்மாவுக்குப் பாதுகாப்பு என்று விறாந்தையிலும் அடுப்படியிலும் கமெரா பூட்டுகிறோம். கிணற்றடிக்குப் போனால் உடனே அழைப்பு வரும், "அம்மா, ஏன் அங்க போறீங்கள், விழப்போறீங்கள்." என்ன சமைப்பது என்று வேலைக்கு வருகிற பிள்ளைக்கு சூரிச்சில் இருந்து கட்டளை வரும். வசதியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எழுபது வருடம் ஒரு வீட்டை நடத்திய ஒரு மனிசி இப்போது அந்த வீட்டில் ஒரு விருந்தாளி. கமெரா பார்க்கும், கதைக்காது. பார்த்துக்கொண்டே இருக்கப்படுவதும் கவனிக்கப்படுவதும் ஒன்றில்லை என்று அந்த அம்மாவுக்குத் தெரியும், அதைப் பிள்ளைக்குச் சொன்னால் கோபிக்கும் என்றும் தெரியும்.

தனிமையுணர்வும் வாழ்வின் தரமும் இரண்டு பக்கமும் ஓடுகிற பாதை. தனிமையுணர்வு தரத்தைக் குறைக்கும், தரம் குறைந்தால் தனிமையுணர்வு கூடும். ஆகவே தனிமைக்கு மருந்து சில வேளை மனதில் இல்லை, காதில் இருக்கிறது. காது மந்தமானால் கூட்டத்தில் இருப்பது பெரிய உபத்திரவம், நாலு பேர் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் நாமும் சிரிக்கவேண்டும். கொஞ்ச நாளில் போகாமலே விட்டுவிடுவார்கள். கற்றரக்ட் முற்றினால் பின்னேரம் வெளியில் இறங்கப் பயம். முழங்கால் நோவென்றால் பஸ் படி ஏற ஏலாது, ஒழுங்கையில் நாய்கள் வேறு. வெளியில் போனால் ஒன்றுக்குப் போக இடம் இல்லை என்பதற்காகவே கலியாணவீடுகளைத் தவிர்க்கும் வயதான பெண்களை எனக்குத் தெரியும், அதை அவர்கள் காரணமாகச் சொல்லமாட்டார்கள், "உடம்பு சரியில்லை" என்பார்கள்.

சுருக்கமாக, வசதியை வெளியில் நின்று பார்த்துச் சொல்லலாம், வாழ்வின் தரத்தை உரியவரிடம் கேட்டுத்தான் அறியலாம்.

எது உதவும், எது அவ்வளவாக உதவாது

2011இல் கிறிஸ்தோபர் மாசி, கசியோப்போ ஆகியோர் அடங்கிய குழு, தனிமையுணர்வைக் குறைக்கச் செய்த முயற்சிகளை நாலு வகையாகப் பிரித்து ஒப்பிட்டது. பழகும் திறனைக் கற்றுக்கொடுப்பது, ஆதரவைக் கூட்டுவது, ஆட்களைச் சந்திக்க வாய்ப்பு ஏற்படுத்துவது, மற்றவர்களைப் பற்றிய பிழையான நினைப்பைத் திருத்த உதவுவது. கடைசியானதற்குத்தான் பலன் கூட இருந்தது. மேலே சொன்ன காவல்காரனை நினைத்தால் இதில் ஆச்சரியம் இல்லை. சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் இருத்திவிட்டால் மட்டும் போதாது, அங்கேயும் அவர் "என்னை ஒருத்தரும் மதிக்கேல்லை" என்று எண்ணிக்கொண்டு திரும்பி வரலாம். உண்மையில் மற்றவர்கள் கைவிட்டிருந்தால் அது வேறு கதை, அதை நினைப்பின் பிழை என்று தள்ளக்கூடாது. ஆனால் "எதிர்வீட்டு அன்ரி திரும்பிப் பாக்காமல் போனதுக்கு வேற என்ன காரணம் இருக்கலாம், மகளுக்குச் சோதினை எல்லோ" என்று பக்கத்தில் இருந்து மெல்ல எடுத்துக்கொடுக்க ஒரு ஆள் இருப்பது பெரிய விஷயம். புத்தி சொல்கிற குரலில் இல்லை, ஊர்க்கதை கதைக்கிற குரலில்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்றும் உண்டு. நாங்கள் முதியவர்களுக்குக் கொடுக்கத்தான் பார்க்கிறோம், அவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. முதியோர் இல்லங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு கொண்டுபோகிறவர்களைப் பாருங்கள், பார்சல் கொடுத்து, படம் எடுத்து, அரை மணித்தியாலத்தில் வெளிக்கிட்டுவிடுவார்கள். சாப்பாடு தேவைதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டே இருப்பவருக்குத் தான் ஒரு ஆள் என்ற எண்ணம் எங்கிருந்து வரும்? ஒடியல் கூழுக்கு எது முதலில் போடுவது என்று கேளுங்கள். பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கேளுங்கள். எங்கள் கோயில்களில் இன்னும் நடக்கும் புராணபடனத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்வார், சொல்கிறவர் எண்பது வயதாக இருப்பார், அவருக்கு எதிரில் பத்துப் பேர்தான் இருப்பார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் அவர் வேண்டும். அவருக்கு மாதம் ஒரு பெட்டி ஹோர்லிக்ஸ் அனுப்பினாலும் அந்த ஒரு மாலைக்கு ஈடாகாது.

வெளிநாட்டில் இருந்து எடுப்பவர்களுக்கு: நீளத்தைவிட நேரம் முக்கியம் என்று நினைக்கிறேன். இங்கே காலை ஏழு மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் இரவு ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. ஏழுக்கு எடுப்பதென்றால் ஏழுக்கே எடுங்கள், ஐந்து நிமிடம் என்றாலும். ஞாயிறில் இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு ஆறு நாள் காணாமல் போவதைவிட அது மேல். "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்ற இரண்டு கேள்வியோடு முடிக்காமல், போனை ஒரு போத்தலோடு சாய்த்து வைத்துவிட்டு நீங்கள் அங்கே மரக்கறி வெட்டுங்கள், அவர் இங்கே கீரை ஆயட்டும். இது நெருக்கத் தனிமைக்கு. கூட்டத் தனிமைக்கு அனுப்புகிற காசில் கொஞ்சத்தை ஒரு ஓட்டோவுக்கு ஒதுக்கலாம். கிழமையில் ஒருநாள் கோயிலுக்கோ, தங்கச்சி வீட்டுக்கோ, திருநெல்வேலிச் சந்தைக்கோ, அவர் சொல்கிற இடத்துக்குப் போய்வர.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். இலங்கையில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் இருந்து பராமரிப்புப் பணம் கேட்டு அதற்கான சபைக்குப் போகலாம். கிராம மட்டத்தில் முதியோர் சங்கங்களும் உண்டு, பிரதேச செயலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். பணம் கிடைக்கச் செய்ய ஒரு சபை இருப்பது நல்லதுதான், கதைக்க ஆள் கிடைக்கச் செய்ய எந்தச் சபையாலும் ஏலாது.

இன்னொன்றையும் பிரித்துவிடவேண்டும். தனிமையுணர்வு ஒரு நோயின் பெயர் அல்ல, மனச்சோர்வுதான் நோய். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் விருப்பம் இல்லை, சாப்பாடும் நித்திரையும் குழம்பிவிட்டது, "இருந்து என்ன பிரயோசனம்" என்ற பேச்சு வருகிறது என்றால், அதைத் தனிமை என்று சொல்லிக் கோயிலுக்குக் கூட்டிப்போவதோடு நிற்காமல் உளநல கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம்.

எப்படிக் கேட்பது

"அம்மா, உங்களுக்குத் தனிமையா இருக்கா?" என்று நேரே கேட்டால் என்ன பதில் வரும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். "எனக்கென்ன குறை, முருகன் இருக்கிறார்." ஓம் என்று சொன்னால் பிள்ளைகளின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல்தான், ஆகவே தனிமை என்ற சொல்லே வராமல் கேட்கிறார்கள். 2004இல் வந்த ஒரு சின்னப் பட்டியலில் மூன்றே கேள்விகள்: துணைக்கு ஆள் இல்லை என்று எவ்வளவுக்குத் தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எவ்வளவுக்குத் தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து பிரிந்திருப்பதாக எவ்வளவுக்குத் தோன்றுகிறது. அரிதாக என்றால் 1, சில வேளை என்றால் 2, அடிக்கடி என்றால் 3. ஆகக் குறைந்தது 3, ஆகக் கூடியது 9. பல ஆய்வுகளில் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்கவேண்டும் என்று எடுக்கிறார்கள்.

வீட்டில் இலக்கம் போடத் தேவையில்லை. "போன கிழமை ஆரோட கனக்கக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், பதில் வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். கேட்பதற்கு முதல் ரீவியை நிப்பாட்டிவிட்டு, அவருக்கு நன்றாகக் கேட்கிற காதுப் பக்கம் போய் இருந்து கேளுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கேள்விக்கும் ஒரு "ஓம் ஓம்" தான் வரும், நீங்களும் எல்லாம் நல்லம் என்று நினைத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவீர்கள்.